மாட்டுக்கு எங்கே வலிக்கிறது

நவம்பர் 3, 1981. செவ்வாய்

விடாத தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. வேட்டி ஆறு, போர்வை மூன்று. கூடத்தின் குறுக்கே கொடி கட்டியாயிற்று. தொங்கும் வேட்டிகளுக்கு நடுவே நாற்காலியில் என் வீட்டுக்காரர், திரை எப்போது விலகும் என்று காத்திருக்கும் நாடக ரசிகர் போல.

இன்றைய காலை:
6.00 எழுப்பல்.
6.05 என் தோளில் முதல் குத்து.
7.00 கஞ்சி.
7.10 கஞ்சி சுவரில்.
8.00 அடம் அடங்க மாத்திரை.

அடம் அடங்குவதில்லை. அடம் பிடிக்கிற ஆள் மட்டும் உட்கார்ந்தபடி தூங்குகிறார். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

மாத்திரை எழுதித் தந்தவர் காஞ்சிபுரம் டாக்டர். போன வாரம் மறுபடியும் கூட்டிப்போனேன்.

"பெரியவரே, எங்கனா வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்க சௌக்கியமா?"

டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. அவரை நலம் விசாரிக்கிற நோயாளிகள் குறைவு போலிருக்கிறது. என் பக்கம் திரும்பினார். "மூளை சுருங்கிட்டு வருதும்மா. வயசு. பழைய இடுப்பு வலின்னு சொன்னீங்களே, அதெல்லாம் இனிமே தெரியாது. வலியையும் மறந்துடுவாங்க. ஒரு வகையில கொடுத்து வெச்சவங்க."

கொடுத்து வைத்தவரைத் திரும்பும்போது பஸ் சீட்டில் உட்காரவைக்க நானும் கண்டக்டரும் பட்ட பாடு. உட்காரும்போது ஒரு கத்தல். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "பெர்சு, வண்டியே பயந்துக்கிச்சி" என்றார்.

பன்னிரண்டு வருஷம் முன்னால், மாட்டுக்கு ஊசி போடும் வேலையில் இருந்தபோது, ஒரு காளை இவரைச் சுவரோடு வைத்து நெருக்கியது. அன்று பிடித்த இடுப்பு வலி. தைலம், ஒத்தடம், தினமும் பாராயணம். இரண்டு வருஷமாக ஞாபகம் நழுவுகிறது. பாராயணமும் நின்றது. ஆகவே வலியும் நின்றது என்று எல்லாரும் முடிவு செய்தோம். எல்லாரும் என்பதில் நானும் உண்டு.

மாலையில் அப்பளம் பொரித்தேன். நமத்துவிட்டது.

நவம்பர் 5

மழை சற்று விட்டது. நாத்தனார் வருகை. (இனி நா. முழுதாக எழுதினால் மை வீண்.) கையில் ஒரு சீப்பு பழம், வாயில் மூன்று யோசனை.

ஒன்று: மந்திரிப்பது. இரண்டு: குலதெய்வத்துக்குச் செய்யாமல் விட்டதைச் செய்வது. மூன்று: நான் கொஞ்சம் பொறுமையாக இருப்பது.

"எங்க அண்ணன் ஒரு ஈ எறும்ப அடிச்சதில்ல அண்ணி. இப்ப உன்ன அடிக்குதுன்னா, அது அவுரு அடிக்கல."

"பின்ன யாரு அடிக்கறாங்க?"

"இன்னா அண்ணி, படிச்சவ இப்பிடி கேக்கறியே. யாரோ வெச்சிட்டாங்க."

"இவரை எதிர்த்து யார் வெக்கப் போறாங்க, மாடா?"

கோபித்துக்கொண்டு பழத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மீதி பாதி அழுகல்.

முப்பது வருஷம் கிளை நூலகத்தில் இருந்தேன். முதுமையை இன்பமாகக் கழிப்பது எப்படி என்று ஒரு புத்தகம் அங்கே உண்டு. யாரும் எடுக்க மாட்டார்கள். நேற்று போய் எடுத்துவந்தேன். நல்ல நடை. தோட்ட வேலை, காலை உலா, பேரக் குழந்தைகள். பின் அட்டையில் ஆசிரியர் குறிப்பு: நாற்பத்தோராம் வயதில் காலமானார்.

நவம்பர் 7. சனி

மேகம். மழை இல்லை. இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்க வேண்டும்.

கா. 10. வாசலில் மானாம்பதி ஏழுமலை. கூடவே ஓர் எருது, நொண்டியபடி.

"டாக்டரூட்டம்மா, டாக்டரு கீறாரா?"

இவர் டாக்டர் அல்ல. கால்நடைத் துறையில் டாக்டருக்குக் கீழே லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'மாட்டு டாக்டர்' என்பது சுற்று வட்டார ஊர்கள் கொடுத்த பட்டம். இவர் ஒருநாளும் திருத்தியதில்லை.

"அவருக்கு உடம்பு சரியில்லப்பா. மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போ."

"அங்க போய்ட்டுதாம்மா வர்றேன். ஊசி போட்டாங்க. ஆனா எங்கூட்டு மாட்டுக்கு இவுரு கை பட்டாதான் ஆவும். சும்மா தொட்டுட்டு ஒரு வார்த்த சொன்னா போதும்."

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் சத்தம். திரும்பினால், இவர் எழுந்து நிற்கிறார். நான் பிடிக்காமல் எழாதவர். சுவரைப் பிடித்து, ஈர வேட்டிகளை விலக்கி, வாசல் வரை வந்துவிட்டார். எருதின் முதுகில் கையை வைத்தார். முகம் மாறிற்று. இரண்டு வருஷமாக வீட்டில் இல்லாத ஆள் ஒருவர் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"எத்தினி நாளா கீது?"

"நாலு நாளாங்கய்யா. முன்னங்கால ஊன மாட்டேங்குது."

இவர் முன்னங்காலைப் பார்க்கவே இல்லை. கை நேராகப் பின்னால் போய் வலது சப்பையில், இடுப்பெலும்பின் மேல், நின்றது.

"முன்னங்காலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க கீது. உள்ள, எலும்புல. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. வீக்கம் இருக்காது. படுக்க வெக்கும்போது கத்துதா?"

"இல்லீங்களே."

"கத்தும். காலைல எழுப்பும்போது முட்டுதா?"

"இது முட்டாதுங்கய்யா. கொழந்த மாரி."

"முட்டும். தீனிய வெச்சா தள்ளி வுடும். நீ இன்னா நெனப்ப? கொழுப்புன்னு நெனப்ப. கொழுப்பு இல்லடா, நோவு. அதுக்கு வாய் இல்ல, சொல்லத் தெரியாது. வாயில்லாததுக்குக் கொம்புதான் வாயி. நீ அதப் போய் மெரட்டுனா அது எங்க போவும்?"

ஏழுமலை பயபக்தியோடு தலையாட்டினான். நான் திரும்பிக் கூடத்துச் சுவரில் இருந்த கஞ்சிக் கறையைப் பார்த்தேன்.

பிறகு ஏழுமலை தானே முன்னங்கால் குளம்பைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கருவேல முள். பிடுங்கினான். எருது நடந்தது. "டாக்டரு கை பட்டதும் முள்ளே வெளிய வந்துருச்சி பாத்தியாம்மா" என்றான். அவன் விசுவாசத்தில் நான் கைவைக்கவில்லை.

மா. 4. குளிப்பாட்டும்போது இவர் வலது இடுப்பில், எருதைத் தொட்டுக் காட்டிய அதே இடத்தில், ஒரு விரலால் அழுத்தினேன். மெதுவாகத்தான்.

சொம்பு என் நெற்றியில் பட்டது. கொஞ்சம் ரத்தம்.

அடம் என்று நான் பெயர் வைத்திருந்ததற்கு விலாசம் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷமாக அடக்க மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று.

நவம்பர் 8. ஞாயிறு

தூறல். நெற்றியில் மஞ்சள். பால்காரி: "இன்னாம்மா, விழுந்துட்டியா?" ஆமாம் என்றேன். சுலபமான பதில்.

சோதனை. முதலில் மனைவியாகக் கேட்டேன்.

"வலது இடுப்பு வலிக்குதா?"

"இல்ல."

"இந்த இடத்துல?"

"சும்மா நோண்டாதடி."

வெளியே போய்ப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஐயா, எங்கூட்டு மாட்டுக்கு உடம்பு சரியில்ல" என்றேன். என் குரல் எனக்கே நாடகக் கொட்டகைக் குரலாகக் கேட்டது.

"உள்ள வாம்மா. உக்காரு."

உட்கார்ந்தேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். இவர் என்னை உட்காரச் சொன்னது இதுவே முதல் தடவை.

"பசுவா, எருதா?"

"எருதுங்க. வயசானது."

"சப்பையா?"

"ஆமாங்க. எப்பிடி வலிக்குதுன்னு தெரியல."

கண்ணை மூடிக்கொண்டார். யோசித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்:

"விடியக்காலம் ஆவாது. மழ நாளு ஆவவே ஆவாது. உள்ள யாரோ ஆணி அடிக்கற மாரி ஒரு குத்து. அங்கேர்ந்து தொடைல எறங்கும். முட்டி வரைக்கும் வரும். வெய்யில் ஏறுனா கொஞ்சம் தேவல. ஒக்கார வெச்சா போச்சி. சாச்சி வெச்சா பரவால்ல. தண்ணி கேட்டா குடும்மா. அது கேக்காது. நீயா குடு."

சிகிச்சையும் சொன்னார். அரைப்படி நல்லெண்ணெய், மூங்கில் குழாயில் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துத் தொண்டையில் இறக்க வேண்டுமாம். அதை மட்டும் செய்யவில்லை. சூடு போடலாமா என்று கேட்டேன், எதுவரை போகிறார் என்று பார்க்க. கோபம் வந்துவிட்டது. "எவன் சொன்னான்? சூடு போட்டா நோவு போவாது. நோவு ரெண்டாவும்."

எழுந்து வரும்போது, "பயப்படாத போம்மா" என்றார்.

எங்கள் மகன் குமார் பிறந்த அன்று இவர் பக்கத்து ஊரில் ஓர் எருமையின் கன்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் வந்தார். இரண்டும் நல்லபடியாகப் பிறந்தன என்று ஒரே வாக்கியத்தில் எல்லாரிடமும் சொன்னார். எனக்கு டைபாய்டு வந்தபோது கதவுக்கு வெளியிலிருந்து, "கஞ்சி குடிச்சியா?" பதிலுக்கு நிற்கவில்லை. அந்த மனுஷனிடம் இப்படி ஒரு குரல் இருந்திருக்கிறது. தினமும் காலையில் சைக்கிளில் வைத்து வெளியே எடுத்துப்போய், கொடுத்து முடித்துவிட்டு, காலியாக வீட்டுக்கு வந்திருக்கிறார்.

யார் யார் வீட்டு மாட்டுக்காரிகள் எல்லாம் அதைக் கேட்டார்களோ. பொறாமையாக இருக்கிறது. இந்த வயதில், இந்தக் காரணத்துக்கு.

அடம் மாத்திரையை நிறுத்தினேன். குப்பியை எறியவில்லை. எனக்கு வேண்டியிருக்கலாம்.

நவம்பர் 10

நா. மகளை இவருக்குத் துணை வைத்துவிட்டு நான் மட்டும் காஞ்சிபுரம். டாக்டரிடம் நிதானமாக விளக்க வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். போய் உட்கார்ந்து சொன்னது:

"டாக்டர், மாட்டுக்கு வலது சப்பையில எலும்புக்குள்ள வலி. விடியக்காலம் ஜாஸ்தி. அதனாலதான் முட்டுது."

டாக்டர் பேனாவை மூடினார். என் நெற்றிக் காயத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை நாளா தூக்கம் இல்லைம்மா?"

எனக்கும் அதே மாத்திரையை எழுதித் தந்தார். இரவில் ஒன்று போதுமாம். தம்பதி சமேதராய்.

நவம்பர் 13. வெள்ளி

பஸ் வேண்டாம் என்று வாடகைக் கார். பின் சீட்டில் இவரைப் படுக்க வைத்து, தலை என் மடியில். முன்னால் ஏழுமலை. இரண்டு நாள் யோசித்து அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மாட்டுக்காரனா வரணும், அவ்ளோதான? நான் மாட்டுக்காரன்தானம்மா" என்றான். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

சீட்டு கொடுக்கிற பெண்: "பேஷண்டு பேரு?"

ஏழுமலை: "எருதும்மா."

டாக்டர் எங்கள் மூவரையும் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நான் சுருக்கமாகச் சொன்னேன். "அஞ்சு நிமிஷம். நீங்க எதுவும் கேக்க வேணாம். காது குடுத்துக் கேட்டா மட்டும் போதும்."

ஏழுமலை தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.

"டாக்டரய்யா. நம்ம எருதுக்கு இன்னும் தேவலயாவுல."

இவர் பெஞ்சில் சரிந்து படுத்திருந்தார். கண்ணைத் திறந்தார். "யாரு, ஏழுமலையா? மானாம்பதி?"

என் பெயர் இவர் நினைவிலிருந்து போய் எட்டு மாதமாகிறது. ஏழுமலை இருக்கிறான். சரி.

"ஆமாங்கய்யா. எங்க நோவுதுன்னு இந்த சாருக்கு ஒரு தபா சொல்லுங்க. இவுரு புதுசு. கத்துக்க வந்துகீறாரு."

டாக்டர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

இவர் டாக்டருக்குப் பாடம் எடுத்தார். கையை எடுத்துத் தன் இடுப்பிலேயே வைத்துக் காட்டினார். இங்கே ஆரம்பம், இங்கே இறங்கும், இந்த இடத்தில் நிற்கும். "கையால தொடு தம்பி. அழுத்தாத. தொடு. சூடு தெரியுதா? தெரியாது. உள்ள கீது." டாக்டர் தொட்டார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பாத்தியா, மாடு எப்பிடி ஒதறுது" என்றார். இவர் கால்தான் உதறியது.

எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார் டாக்டர். எழுதும்போது எங்களை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பும்போது ஏழுமலை: "சின்ன டாக்டரு நல்லா கத்துக்கினாருமா."

நவம்பர் 16. திங்கள்

எக்ஸ்ரே வந்தது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடுப்பெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் செல்லரித்த புத்தகம். எங்கள் நூலகத்தில் அப்படி நிறைய உண்டு. பதிவேட்டில் 'நீக்கம்' என்று எழுதுவோம்.

புற்று. வேறு எங்கோ ஆரம்பித்து எலும்புக்கு வந்திருக்கிறது. இந்த வலிக்குக் காளை காரணம் இல்லை. பன்னிரண்டு வருஷம் அந்தக் காளையைத் திட்டியிருக்கிறோம்.

"மெட்ராஸ் கொண்டுபோய் கரண்ட் வெச்சுப் பாக்கலாம்மா."

"வெச்சா?"

"பாக்கலாம்." எக்ஸ்ரேயை உறையில் போட்டுக்கொண்டே, "வழில தாங்கறது கஷ்டம்" என்றார்.

வலிக்குப் பலமான மாத்திரை எழுதினார். கடைசியில், "நீங்க இதை அன்னைக்கே தெளிவா சொல்லியிருக்கலாம்மா" என்றார்.

ஒப்புக்கொண்டேன். தெளிவாகச் சொல்லாதது என் தவறு.

குமாருக்குத் தந்தி.

நவம்பர் 18

மாத்திரை வேலை செய்கிறது. நாலு மணி நேரம் முகம் முகமாக இருந்தது. கஞ்சி முழுக்க உள்ளே போனது. இன்று குத்து இல்லை. தோளுக்கு ஏதோ குறைந்த மாதிரி.

மெட்ராஸிலிருந்து குமார். வந்ததும் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். இவர் அவன் தலையைத் தடவி, "யாருங்க இந்தப் பையன், ஏன் அழுவுறான், சோறு போடுங்க" என்றார். அவன் இன்னும் அழுதான். பிறகு சோறு சாப்பிட்டான்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் முடிவு தயாராக இருந்தது. சனிக்கிழமை கார் கொண்டுவருகிறான். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி, தெரிந்தவர் மூலம் படுக்கை.

"வழியில தாங்க மாட்டார்னு டாக்டரே சொல்றார்டா."

"அதுக்காக சும்மா விட்டுட முடியுமாம்மா? நாளைக்கு நாலு பேர் கேட்டா என்ன சொல்றது? எல்லாம் பண்ணிப் பார்த்தோம்னு இருக்கணும்."

"இருக்கணுமா, சொல்லணுமா?"

"உன்கிட்டப் பேச முடியாதும்மா."

நா. அவன் பக்கம். மந்திரிப்பதிலிருந்து மின்சாரத்துக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டாள். "ஆம்பளப் புள்ள முன்ன நின்னு செய்றேங்குது. நீ குறுக்க நிக்காத அண்ணி. கடைசி வரைக்கும் பாக்கலன்னு ஒரு பேச்சு வந்துடும்."

பேச்சு. இவர் வலி இரண்டு வருஷம் பேசாமல் இருந்தது. பேச்சு மட்டும் ஒரு நாள் ஓயவில்லை.

ஆனாலும் இதையும் எழுதத்தான் வேண்டும். குமார் சொல்வது சரியாக இருந்தால்? கரண்ட் வைத்து ஆறு மாதம் வலி குறைந்தால்? அலுப்பில் நான் இங்கேயே முடித்துக்கொள்ளப் பார்க்கிறேனோ? முப்பத்தெட்டு வருஷத்துப் பாக்கியை வசூலிக்கிற வழி இதுவாக இருந்தால் அது எனக்கே தெரியாது. கேட்க ஆள் இல்லை.

நவம்பர் 20. வெள்ளி

ஆள் உண்டு.

வெளுத்த வானம். மா. 3. மாத்திரை போட்டு ஒரு மணி ஆகியிருந்தது. தெளிவாக இருக்கிற நேரம். குமார் கார் பேசப் போயிருந்தான். நான் வாசலுக்குப் போய், திரும்பி வந்து நின்றேன்.

"ஐயா."

"வாம்மா. எருது எப்பிடி கீது?"

"எலும்ப அரிச்சிடுச்சிங்க. போட்டோ புடிச்சிப் பாத்தாங்க."

தலையை ஆட்டினார். ஆச்சரியப்படவில்லை. "சொன்னனே. உள்ள கீதுன்னு."

"எங்க பையன் லாரில ஏத்தி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேங்கறான். ஏத்தலாங்களா?"

கண்ணை மூடிக்கொண்டார். மறந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பப் போனேன்.

"நிக்குதா?"

"இல்லீங்க."

"நிக்காத மாட்ட வண்டில ஏத்தாதம்மா. வழியெல்லாம் ஆட்டம். ஒவ்வொரு குழிக்கும் அதுக்கு உசுரு போயிப் போயி வரும். போய் சேர்றதுக்குள்ள கண்ணு நட்டுக்கும். நான் எவ்ளோ பாத்துகீறேன்."

"அப்ப இன்னா பண்றது?"

"நெழல்ல வெச்சிக்க. அடில வைக்கோலு நல்லா கனமா போடு. தரைல போடாத, சப்பை தரைல பட்டா புண்ணாயிடும். ரெண்டு மணிக்கு ஒரு வாட்டி பக்கம் மாத்து. நோவுற பக்கம் வேணாம். தண்ணி காட்டு. ஈ ஓட்டு. கூட இரு."

"அவ்ளோதாங்களா?"

"அவ்ளோதாம்மா. அதுக்கு மேல பண்றதெல்லாம் மாட்டுக்காக இல்ல."

குறித்துக்கொண்டேன்.

பிறகு அவராகவே கேட்டார். "எத்தினி வருசமா உங்கூட்டுல கீது?"

"முப்பத்தெட்டு வருஷங்க."

சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு, பல் தெரிய. "மாடு அவ்ளோ நாள் இருக்காதும்மா. இருவது, போனா இருவத்தஞ்சி. நீ தப்பா சொல்ற."

"இருக்கலாங்க. எனக்கே அவ்ளோ நாள் ஆன மாதிரி தெரியல."

இதைச் சொன்னது நான்தானா என்று சந்தேகம்.

நவம்பர் 21. சனி

கா. 8 கார் வந்தது. நல்ல கார். சாமந்தி மாலை கட்டி, டிரைவர் வெள்ளைச் சட்டை. நா. வாசலில் சூடத்தோடு.

போகவில்லை என்றேன்.

குமார் கத்தினான். நா. அழுதாள். டிரைவர் மூன்று வீடு தள்ளிப் போய் நின்றுகொண்டார். அடுத்த வீட்டு ஜன்னல் ஒன்று, எதிர் வீட்டு ஜன்னல் இரண்டு திறந்தன.

"யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?"

"ஒரு டாக்டரைக் கேட்டேன்."

"எந்த டாக்டர்?"

சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் படுக்கை பிடித்துவிடுவான்.

அந்தச் சமயம் பார்த்து ஏழுமலையின் வண்டி. நேற்றே சொல்லி அனுப்பியிருந்தேன். புது வைக்கோல், மழையில் நனையாதது, நாலு கட்டு. கூடத்தில் இறக்கச் சொன்னேன். நானும் அவனும் சாக்குகளில் திணித்து, மேலே இரண்டு போர்வை விரித்தோம்.

குமார் நடுக் கூடத்தில் நின்று பார்த்தான். "அப்பாவுக்கு வைக்கோலா? இது என்ன மாட்டுக் கொட்டாயா?"

ஏழுமலை வைக்கோலை அமுக்கிக்கொண்டே, நிமிராமல், "கொட்டாயில இவுரு கைல எந்த மாடும் கஷ்டப்படல தம்பி" என்றான்.

குமார் தாத்தா காலத்து அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வந்தான். இவரைத் தூக்கி வைக்க மூன்று பேர் தேவை. அவன் தலைப்பக்கம். கத்தல் இல்லை. வைத்ததும் இவர் விட்ட மூச்சு எல்லாருக்கும் கேட்டது.

குமார் அதே காரில் திரும்பிப் போனான். மாலையை அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நவம்பர் 22

கா. 6 இடப்பக்கம். 8 மல்லாக்க. 10 இடப்பக்கம். 12 மல்லாக்க. ஈ நிறைய. வைக்கோல் வாசனைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறார். சாப்பாடு மூன்று கரண்டி. 

நா. தெருவில் சொல்லிவருவது (பால்காரி மூலம்): "கொண்டுபோய்க் காட்டாம வைக்கப்போர்ல போட்டு வெச்சிகீறா."

எழுத்துப் பிழை இல்லாத வாக்கியம். அப்படியேதான் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 24. செவ்வாய்

வெயில். மூன்று வாரத்தில் முதல் வெயில். வேட்டி எல்லாம் காய்ந்தது.

கா. 6 இடப்பக்கம். 8 மாத்திரை, மல்லாக்க. 10 இடப்பக்கம். சிறுநீர் குறைவு. முதுகில் சிவப்பு ஏதும் இல்லை, விளக்கெண்ணெய் தடவினேன். தண்ணீரைத் துப்பினார், நான் சிடுசிடுத்தேன். துப்பினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று ஏதோ.

12. திருப்பப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"நீ வேணாம். மாட்டுக்காரம்மாவக் கூப்புடு. அதுங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வெளியில நிக்கறாங்க. கூப்பிடறேன்."

வாசல் வரை போனேன். செருப்பை மாட்டிக் கழற்றினேன், சத்தம் வரும்படி. உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலேயே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்ப இங்க இருந்துச்சே ஒரு பொம்பள, யாரும்மா அது?"

"மாட்டப் பாத்துக்கறதுக்கு வெச்சிருக்கேங்க."

"கை நல்ல கை. பக்குவமா திருப்புது. வுட்டுடாத. வாய்தான் கொஞ்சம் நீளம்."

"ஆமாங்க" என்றேன்.